மணிக்கட்டில் ஒரு பாங்கு

கோவை கோட்டைமேட்டில் வாழும் என் அத்தாவுக்குச் செவி மங்கிவிட்டது, பாங்கொலி எட்டவில்லை. மணிக்கட்டில் அதிர்ந்து வக்தை உணர்த்தும் கடிகாரம் வாங்கித் தந்தேன். அதன் சிறு திரையில் தேடியபோது முதலில் வந்த செயலியையே நிறுவினேன்.

நான்கு நாட்கள் கழித்தே பிழை தெரிந்தது. நண்பகல் நிழல் நீங்கலாக, பொருளின் நிழல் அதன் உயரத்தளவு ஆனதும் அஸர் என்பது ஷாஃபி கணக்கு. இரு மடங்கானதும் என்பது நாங்கள் பின்பற்றும் ஹனஃபி கணக்கு. செயலி முன்னதைக் கொண்டிருந்தது; விவரக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தா நான்கு அஸரையும் கழாத் தொழுதார், என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

சரக்கின் குறையை மறைக்காதிருப்பது வணிகரின் கடமை என்கிறது மார்க்கம். செயலிக்கும் அது பொருந்தும். வாங்குவோர்க்கும் கடமை உண்டு: நட்சத்திரம் மட்டும் இடாமல், எந்த மத்ஹபின் கணக்கென்று மதிப்புரையில் தமிழிலேயே எழுதினேன். அடுத்துத் தேடும் மகனின் கண்ணில் அது படட்டும், இன்ஷா அல்லாஹ்.