நடை

விமர்சனம் எழுதுகையில் 'நடை' என்ற சொல்லை எத்தனையோ முறை கூசாமல் பயன்படுத்தியிருக்கிறேன். நடை தளர்கிறது, நடை நொண்டுகிறது என்றெல்லாம். நடப்பதில் முதுகுக்கும் பங்குண்டு என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேஷ் கவுண்டரில் பத்து வருஷம் குனிந்திருந்ததற்கு இடுப்பு கணக்குக் கேட்டது. பரிசோதனைக்குப் போன இடத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்தடியிலிருந்து இடுப்புவரை முதுகெலும்பின் மேடுகள்மேல் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் காமிராக்கள். நடந்தேன். திரையில் நான் இல்லை. கறுப்பில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளிகள் நெளிந்துகொண்டு போயின. (நாகமலையை முதுகெலும்பென்று சொல்லும் இளவயதுக் கவிதை ஒன்று என்னிடம் உண்டு. மலை அசையாது என்பதை அப்போது கவனிக்கவில்லை.)

1880களிலேயே பாரிஸில் மாரே என்பவர் ஆளுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால்களில் வெள்ளைக் கோடுகள் ஒட்டி, ஒரே தட்டில் அடுத்தடுத்துப் படமெடுத்தார். உடல் மறைந்தது, சலனம் மட்டும் பதிந்தது. முதுகு அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. தோலில் ஒட்டியது தோலோடு நகரும். உள்ளே எலும்பு வேறு கணக்கில் திரும்பும். 1967இல் கிரெகர்சன், லூகஸ் என்ற இருவர் முள்ளெலும்புகளிலேயே உலோக ஊசிகளைச் செருகி, ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள். இடுப்பு ஒரு பக்கம் திரும்பத் தோள் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மார்புப் பகுதியின் 7ஆவது முள்ளெலும்பை ஒட்டி இந்தத் திருப்பம் மாறுகிறது. ஒவ்வோர் அடியிலும் ஈரத்துணிபோல் கொஞ்சம் முறுக்கப்படுகிறோம்.

என் புள்ளிக்கோடு ஒவ்வொரு வலது அடிக்கும் இடப்பக்கம் சரிந்து, சற்றுத் தாமதித்து, மீண்டது. அது அப்பா. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மூட்டை சுமந்தவர். நான் சுமந்ததில்லை. வீட்டிலிருந்து தேனி ரோடு பஸ் நிறுத்தம்வரை தினமும் அவர் பின்னால் நடந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

1973இல் ஸ்வீடனின் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் விளக்கு வைத்து இருட்டில் ஆட்களை நடக்கவிட்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் பார்த்தவர்கள் மனிதனைக் கண்டுகொண்டார்கள். 1977இல் வேறு இருவர், தெரிந்தவர்களையே ஓரளவு இப்படி அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள்.

அம்மாவிடம் அந்தப் படத்தை, இன்னதென்று சொல்லாமல் காட்டினேன்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வலியோடு சாய்வும் போவதற்கு ஆறு வாரப் பயிற்சி எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தத் தாள் டயரிக்குள் இருக்கிறது. வலியும் இருக்கிறது.