விரலில் மை காய்ந்த பிறகும் வேலை இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் ஒரு வளைகாப்பில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன், இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். "யார் வந்தாலும் ஒண்ணுதான் டீச்சர், லீவு போட்டு ஊருக்கு வந்து ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?" என்றான். என் அண்ணன் மகன் அதற்கு மேலே போனான். "அத்தை, வீட்டுக்கு வந்து குடுக்கிறாங்க, வாங்கிக்கிறோம். அது நம்ம பணம்தானே?" என்றான். பந்தியில் விவாதம் வேண்டாம் என்று அன்று சிரித்துவிட்டு வந்தேன். இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல இது.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். நான் கணக்குப் பாடமும் எடுத்தவள், அதனால் கணக்காகவே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். 2021-ல் வாக்காளர்கள் ஆறு கோடிக்கு மேல் இருந்தார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிப் பேருக்கு மட்டும் தலைக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் எவ்வளவு? பன்னிரண்டரைக் கோடி. ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யலாம் என்று 2022-ல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். ஜெயித்த பிறகு சம்பளம் எவ்வளவு? 2017-ல் உயர்த்தியபடி மாதம் 1,05,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 63 லட்சம். அதில் ஒரு ரூபாய்கூடச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தாலும், பன்னிரண்டரைக் கோடியில் இருபதில் ஒரு பங்குதான் வரும்.

மீதியை எங்கிருந்து எடுப்பார்? இதுதான் கணக்கின் கடைசி வரி. போடாத ரோட்டில் எடுப்பார், மூன்றாவது மழைக்கு உடைகிற பாலத்தில் எடுப்பார், சிமெண்ட் குறைந்த பள்ளிக்கூடச் சுவரில் எடுப்பார். "நம்ம பணம்தானே" என்றாய் அல்லவா தம்பி, ஆமாம், நம்ம பணம்தான். இன்றைக்கு வருகிற ஆயிரம் கடன். அதை ஐந்து வருடம் வட்டியோடு கட்டப்போவது நாம்தான்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டும் குற்றம் இல்லை, வாங்குவதும் குற்றம்தான். ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்திய ஊர்களின் பட்டியலில் நம் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. எனக்கு அது பெருமையாக இல்லை.

அடுத்து பெங்களூர்ப் பையனின் கேள்வி. என் ஒரு ஓட்டு என்ன செய்யும்?

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு டவுன் பஸ்ஸில் வருகிற ஆட்கள். 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137 ஓட்டு. ராஜஸ்தானில் 2008-ல் நாத்வாரா தொகுதியில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார் ஒருவர். அன்று வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தான் அந்த முடிவைத் தீர்மானித்தார்கள் என்று சொன்னால் தப்பா? 2021-ல் மாநிலம் முழுக்க நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் அது 60-ஐத் தொடவில்லை. படித்தவர்கள் நிறைந்த ஊர் அது.

"எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்வதற்கு முன் பார்த்தீர்களா என்று கேட்பேன். ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், படிப்பு, தன் மேல் உள்ள வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்ன தீர்ப்பால் நமக்குக் கிடைத்த உரிமை அது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு செல்போன் வாங்க பத்து நாள் விமர்சனம் படிக்கிற பிள்ளைகள், இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க மாட்டீர்களா? படித்துப் பார்த்த பிறகும் யாரும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா இருக்கிறது. ஆனால் அதையும் புரிந்து போடுங்கள். நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் வருகிறவர்தான் ஜெயித்தவர். அது கோபத்தைப் பதிவு செய்யும், ஆளை மாற்றாது.

நான் 1989 ஜனவரியில் முதன்முதலாகத் தேர்தல் பணிக்குப் போனேன். அப்போது வாக்களிக்கும் வயது 21. அந்த வருடம் மார்ச்சில்தான் 18 ஆனது. வாக்குச்சீட்டு, பெட்டி, அரக்கு, சீல் எல்லாம் தூக்கிக்கொண்டு முதல் நாள் சாயங்காலமே போய்விட வேண்டும். 2001-ல் எல்லாத் தொகுதிக்கும் இயந்திரம் வந்தது. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் உண்மையான ஓட்டு தொடங்கும்.

முதல் வாக்குப்பதிவு அலுவலருடைய வேலை, வருகிறவரின் பெயரைப் பட்டியலில் கண்டுபிடித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பது. தொண்ணூறுகளில் ஒரு தேர்தலில் நான் அந்த இடத்தில் இருந்தேன். எண்பது வயதை நெருங்கிய ஒரு பாட்டி தடியூன்றி வந்தார். பெயரை வாசித்தேன். "இன்னொரு தடவ சொல்லு தாயி" என்றார். காது கேட்கவில்லை போல என்று சத்தமாகச் சொன்னேன். "கேட்டுச்சு தாயி. எம்பேரைச் சொல்லி யாரு கூப்புடுறா? அதான்" என்றார். அவர் ஊரில் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய ஆத்தா, அவ்வளவுதான். பெயர் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயர் தராததுதான் காரணம். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சொல்லுங்கள் என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. அதன் பலனைத்தான் அந்தப் பாட்டியின் முகத்தில் பார்த்தேன் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் திரும்பவும் பதவிக்கு வர முடியாது என்று அன்றைக்கே விதி வைத்தார்கள். ஆனால் அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான முறை. நம் பாட்டிக்கு அதில் இடம் கிடையாது. 1950-க்குப் பிறகுதான் சொத்து, படிப்பு, சாதி, ஆண், பெண் எதுவும் கேட்காமல் ஆளுக்கு ஒரு ஓட்டு வந்தது. அந்தப் பழைய விதியில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது கணக்குக் கேட்பது.

கணக்குக் கேட்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் அது கூடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஓர் அக்டோபர் 2 அன்று நான் போயிருந்தேன். முப்பது பேர்கூட இல்லை. வரவு செலவை வேகமாக வாசித்துக்கொண்டே போனார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எழுந்தாள். "மோட்டார் ரிப்பேர்னு மூணு தடவை வாசிச்சீங்க. எங்க தெருவுக்கு ரெண்டு மாசமா தண்ணி வரலியே?" என்றாள். "உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரு குரல் வந்தது. அவள் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த நான்கு பெண்களும் எழுந்தார்கள். பதினைந்து நாளில் சரி செய்வதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் போனார்கள். இருபதாம் நாள் தண்ணீர் வந்தது. அந்த மூன்று பில்லுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். இனியும் கேட்பாள்.

அவள் படிப்பில் முதல் மாணவி இல்லை. வாய்ப்பாட்டில் பலமுறை திணறியவள். ஆனால் என் வகுப்பில் படித்தவர்களில் ஜனநாயகம் என்ற பாடத்தைச் சரியாகப் படித்தவள் யார் என்று கேட்டால் அவளைத்தான் காட்டுவேன்.

பழக்க தோஷம், வீட்டுப்பாடம் தராமல் முடிக்க முடியவில்லை.

ஒன்று, உங்கள் பெயரும் வீட்டில் உள்ளவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லாவிட்டால் படிவம் 6. திருத்தம், முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. பதினேழு வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

இரண்டு, அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதியில் நிற்கிற முக்கியமான மூன்று வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டு, வீட்டில் அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லாதீர்கள். அது அவர்கள் உரிமை.

மூன்று, வருடத்துக்கு ஒரு கிராம சபைக்காவது போங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

முடித்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். அண்ணன் மகனே, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாருடையதையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்