அப்பாவின் துப்பாக்கி

அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

அவர் காலமானதும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். வாரிசே ஆனாலும் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விடாது. உரிமம் எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்றான் தம்பி. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு, நான் ஒப்பவில்லை. நல்ல விலை சொன்ன ஒருவர், உரிமம் உண்டா என்றதும் பேச்சை மாற்றினார்.

கடைசியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வந்தார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அவரிடம் ஒன்றுதான் இருந்தது. விலை பேசுமுன், ஸ்டேஷனிலேயே குழலை மடக்கி வெளிச்சத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். எனக்கு அது போதும். அனுமதி கிடைத்ததும், அப்பாவின் எண்ணெய்த் துணியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.