உபயப் பலகை தாமதம் ஏன்?

உபயதாரர் பெயர்ப் பலகை ஏன் இன்னும் வரலைன்னு பலர் கேட்டீங்க. சொல்லிடுறோம்.

நம்ம கோயில் பட்டறையில் இருப்பது சின்ன லேசர் மெஷின். யூஎஸ்பி கேபிள் வழியா கணினி விடாமல் கட்டளை அனுப்பிக்கிட்டே இருக்கணும். போன மாதம், மறைந்த கணவர் பேரில் ஓர் அம்மா கொடுத்த உபயம். பாதிப் பெயர் பொறிக்கும்போது பழைய மடிக்கணினி ஸ்லீப்புக்குப் போயிடுச்சு. மெஷின் நின்னுபோச்சு. அந்த அம்மா பக்கத்திலேயே நின்னாங்க. எங்களால அவங்க முகத்தைப் பார்க்க முடியலை.

விலை உயர்ந்த புதுசு வாங்கலாம்னு சிலர் சொன்னாங்க. எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க. இந்த வேலைக்கு வேகம் முக்கியமில்லை, நடுவில் நிற்காம ஓடுறதுதான் முக்கியம்னு தெரியும். காணிக்கைப் பணமாச்சே! 350 ரிங்கிட்டுக்கு எஸ்எஸ்டி போட்ட பழைய ஆபிஸ் டெஸ்க்டாப் வாங்கினோம். ஸ்லீப்பை அணைச்சாச்சு. பொறிக்கும் நேரத்தில் இணையம் கிடையாது, அப்டேட் குறுக்கே வராது. கேபிளும் குட்டையா மாத்தியாச்சு. வேற எந்த வேலைக்கும் அதைத் தொடுவதில்லை. தீ பயம் இருப்பதால், மெஷின் ஓடும்வரை ஓர் ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

முதல்ல பொறிச்சது அந்த அம்மாவின் பலகைதான். முழுப் பெயரையும் விரலால் தடவிப் பார்த்தாங்க.

மீதிப் பலகைகள் தைப்பூசத்துக்குள் முடியும். உங்க பெயரில் எழுத்துப் பிழை இருக்கான்னு கோயில் ஆபிஸ் பட்டியலில் பார்த்துச் சொல்லுங்க. பொறிச்ச பிறகு அழிக்க முடியாது.