பாலாற்றோடு ஒரு பயணம் – 4: பேத்தமங்கலத்துச் சேறு

பங்காருப்பேட்டையில் சென்னை–பெங்களூரு தடத்தை விட்டுப் பிரியும் கிளைப் பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போய் மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. 1894-இல் தங்கத்துக்காகப் போட்ட பாதை இது. இன்று விடியலுக்கு முன்பே கிளம்பும் ரயில்களில் கோலார் தங்கவயலின் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில் திரும்பி வந்து தூங்கி, மறுநாள் அதே ரயிலைப் பிடிக்கிறார்கள். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடியதிலிருந்து ஊரின் பிழைப்பு இந்த ரயிலில்தான் ஓடுகிறது.

நான் எதிர்த்திசையில் வந்து இறங்கியவன். ஆற்றின் பறவைகளைத் தேடி வருகிறவன் ஆறே இல்லாத சுரங்க ஊரில் ஏன் இறங்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். பாலாற்றின் முதல் பெரிய ஏரிகளில் ஒன்றான பேத்தமங்கலம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அந்த ஏரித் தண்ணீரைக் குடித்துத்தான் இந்தத் தங்கவயல் வளர்ந்தது.

தங்கியது ஒரு பழைய லைன் வீட்டில். வீட்டுக்காரப் பெரியவர் சாம்பியன் ரீஃபில் அடி ஆழம்வரை இறங்கி வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போன சுரங்கம் அது. அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவராம். வட ஆற்காட்டின் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து இப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. "எங்க ஊர் ஆத்துல தண்ணி இல்லன்னு இங்க வந்தோம். இங்கயும் அதே ஆத்துத் தண்ணிதான் குடிச்சோம்" என்றார்.

காலையில் வீட்டு வாசலிலேயே முதல் பறவை கிடைத்தது. மாரிகுப்பத்தின் பின்னணியில் சாம்பல் நிறத்தில் நிற்கும் சயனைடு மண்மேடுகளின் அடிவாரத்தில் ஓர் ஆள்காட்டி ஜோடி கத்திக்கொண்டிருந்தது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் இது. தங்கவயல் முழுக்க இப்படி 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். கோடைக் காற்றில் இந்தத் தூள் பறந்து வீட்டுக்குள் வருவதைப் பற்றிப் பேசாத குடும்பம் இங்கே இல்லை. ஆள்காட்டிக்கு வெட்டவெளித் தரை போதும், முட்டையிட்டுவிடும். எல்லாப் பறவைகளுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்திலிருந்து முல்பாகல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். பெரியவரும் வந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேத்தமங்கலத்தில் நீரேற்று நிலையம் அமைத்து, வடிகட்டிய தண்ணீரைக் குழாய் வழியே தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் தண்ணீர்ப் பஞ்சமும் காலராவும் தொழிலாளர் குடியிருப்புகளைத் துரத்தின. ஆனால் ஏரி அதற்கெல்லாம் மிகப் பழையது. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். ஆயிரம் ஆண்டுகளாகக் கரை உடைவதும் யாரோ ஒருவர் கட்டிக் கொடுப்பதுமாக இந்த ஏரி பிழைத்து வந்திருக்கிறது.

ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் வாத்துகள்தான் முதலில் கண்ணில் படும். நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் கும்பலாக, அவற்றின் ஓரத்தில் புள்ளிமூக்கு வாத்துகள், கொஞ்சம் தள்ளி வலசை வந்த நீலச்சிறகிகள். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கீற்று, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். தட்டைவாயன்கள் தலையைத் தண்ணீரில் அழுத்தி ஒன்றின் பின் ஒன்றாக வட்டமடித்தன. அப்படிச் சுழலும்போது அடியிலிருந்து மேலே வரும் நுண்ணுயிர்களை அந்த அகன்ற அலகு சலித்து எடுக்கிறது. அழகுதான். ஆனால் என் மனம் இன்னும் தள்ளி, தண்ணீர் வந்து சேரும் மேற்புறத்தில், ஏரி உள்வாயின் ஆழம் குறைந்த ஓரத்தில் இருந்தது.

ஜனவரி முடியும் நேரம். மழையில் ஏறிய தண்ணீர் மெல்லப் பின்வாங்கி, பளபளவென்று ஒரு சேற்றுப் பட்டையை விட்டிருந்தது. முழங்கால் புதையாமல் அதன் விளிம்பில் குந்தி உட்கார ஒரு மேட்டைப் பெரியவரே கண்டுபிடித்தார். அசையாமல் இருந்தோம். பறந்துபோன உள்ளான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மிக அருகில் வந்தது பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் கறுப்புப் பட்டை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு காலை முன்னே வைத்துச் சேற்றின் மேல் படபடவென்று நடுக்கும். அந்த அதிர்வில் உள்ளே இருக்கும் புழு அசைந்தால் போதும், கொத்திவிடும். அதன் அலகு குட்டை. கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற பறவை. அதற்கு இரண்டடி தள்ளி, முதுகில் வெள்ளைப் பொறிகள் தெளித்த பொறி உள்ளான், கணுக்கால் தண்ணீரில் நடந்தபடி அலகால் துழாவியது. அதற்கும் அப்பால், சிவந்த நெடிய கால்களில் நெடுங்கால் உள்ளான்கள். கோரைக்குள் கோரை உள்ளான் ஒன்று அசையாமல் இருந்திருக்கிறது. பெரியவர் இருமியபோது கோணல்மாணலாகப் பறந்து போனது. அதன் நீண்ட அலகின் நுனிக்குச் சேற்றுக்குள்ளேயே உணர்ச்சி உண்டு. கண்ணால் பார்க்காமல் இரையைத் தொட்டறிந்து பிடிக்கும்.

இத்தனை பறவைகளும் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் மேய்வதற்குக் காரணம் இந்தக் கால், அலகு நீளங்கள்தான். ஈரச்சேறு ஒன்றுக்கு, ஓர் அங்குலத் தண்ணீர் ஒன்றுக்கு, ஒரு சாண் தண்ணீர் இன்னொன்றுக்கு. எல்லாம் சேர்ந்து இருபதடி அகலப் பட்டைக்குள் முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் கொசு உள்ளான்களும் இருந்தன. முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு. ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே இறங்குகின்றன. ஏப்ரல், மே வாக்கில் திரும்ப வேண்டும். அதற்குள் இந்தச் சேற்றைத் தின்றுதான் கொழுப்புச் சேர்க்க வேண்டும்.

"ஏரி வத்துதேன்னு ஊரே கவலப்படுது. நீங்க வத்தின எடத்துல வந்து சந்தோஷப்படுறீங்களே சார்" என்றார் பெரியவர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரிந்துகொள்ளக் கேட்டார். நான் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். ஏரி நிறைய வேண்டும். நிறைந்த பிறகு மெல்ல வற்றவும் வேண்டும். ஏறி இறங்குகிற தண்ணீர்தான் சேற்றைப் புதுப்பிக்கிறது. வருஷம் முழுக்க விளிம்புவரை தளும்பும் ஏரியில் வாத்து இருக்கும், நாமக்கோழி இருக்கும், உள்ளான் இருக்காது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிய மாவட்டம் கோலார். 2018-லிருந்து பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே இந்த மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். சுத்திகரிப்பு போதாது என்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பல்லாண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகள் நிறைந்ததையும் கிணறுகள் ஊறியதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; குடியானவனுக்கு அது உயிர். ஆனால் இனி ஏரிகளைப் 'பராமரிக்க' வருகிறவர்கள் பெங்களூரில் செய்ததை இங்கே செய்துவிடக்கூடாது. அங்கே பல ஏரிகளின் ஓரச் சரிவையெல்லாம் பொக்லைன் வைத்துத் தோண்டி, சுற்றிலும் கரை எழுப்பி, கல் பதித்து, நடைபாதை போட்டுச் சட்டி போல ஆக்கிவிட்டார்கள். கரையோரத்திலேயே ஆளுயர ஆழம். அப்படிப்பட்ட ஏரியில் ஒரு பொறி உள்ளான் எங்கே கால் வைக்கும்? தூர் வாருங்கள், மதகடியில் வாருங்கள். உள்வாயின் மேற்புறச் சரிவை விட்டுவிடுங்கள். இதற்குப் பணம் செலவில்லை.

இதே ஆற்றின் மறுகோடியில், செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கல் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊரார், 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கேட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அது மரத்தில் கூடு கட்டும் நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்குமான இடம். கூட்டை எல்லோருக்கும் காட்டலாம், காப்பாற்றக் காரணமும் சொல்லலாம். வலசை வரும் உள்ளானுக்கு இங்கே கூடு கிடையாது. வந்து தின்றுவிட்டுப் போகிறது. பேத்தமங்கலத்தில் சரணாலயப் பலகையும் இல்லை. பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த நீளம் முழுக்க இருக்கும் ஏரி உள்வாய்கள் எல்லாம் சேர்ந்துதான் இந்தச் சிறு பறவைகளின் சரணாலயம். ஒன்றில் தண்ணீர் ஏறினால் அடுத்ததற்குப் பறந்து போகும். அடுத்தது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெயில் ஏறியதும் மீன்பிடிக்காரர்கள் வலையோடு இறங்கினார்கள். உள்ளான்கள் கிளம்பி எதிர்க்கரைக்குப் போயின. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-லிருந்து தன்னார்வலர்கள் செய்து வருகிற வேலை. பேத்தமங்கலத்தில் வாத்தை எண்ணுகிறவர்கள் கரையிலிருந்து இறங்கி, மேற்புறத்துக்கும் நடந்து வந்து இந்தச் சேற்றையும் எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பறவை என்று எழுதி வைத்தால்தான், பொக்லைன் வரும் நாளில் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது நம் கையில் இருக்கும்.

தங்கவயலில் டிபன் முடித்தபோது பெரியவர், நாளைக்கு ராமசாகரத்துக்கும் தான் வருவதாகச் சொன்னார். பேத்தமங்கலம் நிறைந்து வழிந்தால் தண்ணீர் அந்த ஏரிக்குத்தான் போகும். அங்கே உள்வாய் எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.