முன்செல்லுஞ் சொற்கள்

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப்பொருள் கூறும் அகராதிகளிற் பெரும்பாலன, முன்னே செல்லுதலைக் குறிக்குஞ் சொற்கள் பலவற்றிற்கும் ஒரே விடையைத் தந்து அமைகின்றன. 'அட்வான்ஸ்' என்பதற்கு முன்னேறு. 'புரோகிரெஸ்' என்பதற்கும் முன்னேறு. 'புரொசீட்' என்பதற்கு மேற்செல், அன்றேல் மீண்டும் முன்னேறு. மொழிபெயர்ப்புத் தாள் எழுதும் மாணவர்க்கு இது பெரிய வசதிதான். ஆயின் ஒரு மொழியில் ஒரு பொருள்மேற் பல சொற்கள் நெடுங்காலம் உடன்வாழ்கின்றனவெனின், அவை தம்முள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டே வாழ்தல் வேண்டும். தமிழிலே காண்டல், பார்த்தல் என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்களே என்பாரும், 'கனவு பார்த்தேன்' என்று கூறக் கேட்டிலோம். யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராயினும், பிறமொழிச் சொல்லை நம் சொல்லோடு வைத்து நிறுக்குந்தோறும் இரண்டன் எடையும் விளங்குதலின், இத்துறையிற் சிறிது புகத் துணிந்தோம்.

'அட்வான்ஸ்' என்பது பிரெஞ்சு மொழி வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்த சொல். அதன் மூலம் 'முன்னிடத்தினின்று' எனப் பொருள்படும் பிற்கால லத்தீன் சொல்லாகும். சாசர் புலவர் காலத்தில் இச்சொல்லினிடையே டகரவொலி இல்லை. பதினாறாம் நூற்றாண்டிற் கற்றோர் சிலர், இதன் முதலெழுத்து 'அட்' என்னும் லத்தீன் முன்னொட்டின் சிதைவு போலும் எனக் கருதி, இல்லாத எழுத்தை இடையிற் செருகிவிட்டனர். கல்லாதார் நாவிற் கெட்ட சொற்கள் சிலவே. கற்றோர் திருத்தத்தாற் கெட்டவை எத்தனையோ! அது நிற்க. படைக்கு முன்செல்லும் தூசிப்படையைக் குறிக்கும் 'வான்கார்டு' என்னுஞ் சொல்லும் இம்மூலத்தினின்றே கிளைத்தது. ஆகலின் 'அட்வான்ஸ்' எஞ்ஞான்றும் எதிரேயுள்ள ஒன்றனை நோக்கியே நிற்கின்றது. படை ஒரு நகரின்மேல் 'அட்வான்ஸ்' செய்யும். நகரின்மேற் படை 'புரோகிரெஸ்' செய்ததாக எவ்வாங்கிலனும் எழுதான். அவ்விடத்து அவர் பெய்யும் 'ஆன்' என்னும் இடைச்சொல்லும், நம்மவர் வஞ்சித் திணைக்கு விளக்கங் கூறுங்கால் 'பகைவன்மேற் செல்லுதல்' என்னுமிடத்து நிற்கும் 'மேல்' என்பதும் ஒரே கருத்தினவாதல் காண்க. இக்காலத்துச் செய்தித்தாள்கள் 'பகைப்படை முன்னேறியது' என எழுதுகின்றன. மேற்சென்றது என்னும் பழஞ்சொல் கையிலிருக்க, பகைவனுக்கு ஏற்றம் கூறுவானேன்?

எதிரேயிருப்பதை நோக்குஞ் சொல்லாதலின், எதிரேயிருப்பதை நம்பால் இழுத்தற்கும் 'அட்வான்ஸ்' பயன்படுகின்றது. கொடுக்கவேண்டிய நாள் வருமுன் கொடுக்கும் பணம் 'அட்வான்ஸ்' என்பதனை வாடகைக்கு வீடு தேடிய எவரும் அறிவர். கூட்டத்தின் நாளை 'அட்வான்ஸ்' செய்தார் என்றால் குறித்த நாளுக்கு முன்னதாக வைத்தார் என்பது பொருள். இக்கருத்துக்கு இந்தியர் 'பிரீபோன்' என்றொரு புதுச்சொல்லே ஆக்கிக்கொண்டனர். அதனையே 'ஃபார்வர்ட்' என்னுஞ் சொல்லாற் கூறப்புகின் இடர்ப்பாடு நேர்கின்றது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' நகர்த்தப்பட்டது என்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையாரிலேயே சிலர் திங்கள் என்பர், சிலர் வெள்ளி என்பர். தமிழர்க்கு இவ்வையம் இல்லை. நமக்குச் சென்ற காலமே முற்காலம், வருங்காலம் பிற்காலம்.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவத்தில் மூன்று 'அட்வான்ஸ்'கள் நிகழ்ந்தன எனலாம். மூன்று 'புரோகிரெஸ்'கள் நிகழ்ந்தன என்னலாகாது. படிக்கட்டு எண்ணப்படும், ஆற்றோட்டத்தை எண்ணுவார் யார்?

இனிப் 'புரோகிரெஸ்' என்னுஞ் சொல்லிற்கு வருவோம். 'முன்' என்பதும் 'அடியிடுதல்' என்பதும் கூடிய லத்தீன் சொல் இதன் மூலம். நடத்தல் என்பதன்றி நன்மை என்பது அதனுள் இல்லை. 1558 முதல் 1603 வரை ஆண்ட எலிசபெத்து அரசியார் கோடைகாலங்களிற் பரிவாரம் சூழ ஊரூராய்ச் சென்று பிரபுக்களின் மாளிகைகளில் தங்கிய உலாவிற்கும் 'புரோகிரெஸ்' என்றே பெயர். 1678ஆம் ஆண்டில் ஜான் பனியன் தம் நூலின் முதற்பாகத்தை வெளியிட்டபோதும் இச்சொல்லைப் பயணம் என்னும் பொருளிலேயே ஆண்டார். அந்நூலைத் தழுவி 1894இல் காப்பியம் வெளியிட்ட எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதற்கு இட்ட பெயர் 'இரட்சணிய யாத்திரிகம்' என்பது. யாத்திரை என்னுங் கருத்தை எத்துணைச் செவ்விதாகப் பற்றிக்கொண்டார் அப்புலவர்! பனியனின் கிறிஸ்தியான் சேற்றில் அழுந்துகின்றான். நேர்வழியை விட்டு விலகுகின்றான். மலைச்சாரலில் உறங்கித் தன் ஓலைச்சுருளைத் தவறவிட்டு, அதனைத் தேடி வந்தவழியே திரும்பவும் நடக்கின்றான். அவ்வாறு பின்னோக்கி நடந்த நடையும் அவனது 'புரோகிரெஸ்'ஸின் பகுதியே. யாத்திரையில் அதற்கு இடமுண்டு; முன்னேற்றத்தில் இல்லை.

நன்மைப் பொருள் இச்சொல்லின்மேற் பையப்பையப் படிந்தது. மானிட அறிவு படிப்படியாக உயர்ந்து செல்வதென்னுங் கொள்கை பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. அதனை விரித்துரைத்த பிரெஞ்சு அறிஞர் கொண்டார்செயின் நூல் அவர் மறைந்தபின் 1795இல் வெளிவந்தது. ஆயினும் சொல்லின் பழம்பொருள் அடியோடு மாய்ந்துவிடவில்லை. பள்ளியிலிருந்து வரும் 'புரோகிரெஸ்' அட்டையைப் பாருங்கள். அதிற் சறுக்கலும் அப்பெயராலேயே வருகின்றது.

இரு பொருளும் ஒரு சொல்லில் உறைதலின் விளையும் இன்னல் சிறிதன்று. எம் ஊர் ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் முதியவர் ஒருவர்க்குப் புற்றுநோய் கண்டிருந்தது. சோதனை முடிந்து மருத்துவமனையிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தில், நோய் 'புரோகிரெஸ்' அடைந்துள்ளதென ஒரு வரி இருந்தது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் அவர் மருமகன் ஒருவரே. அவர் அதனை 'முன்னேற்றம் காண்கிறது' என்று பெயர்த்துச் சொன்னார். வீடு மகிழ்ந்தது. அந்த ஞாயிறு ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை செலுத்தினர்; சபையாரும் அவர் கையைப் பற்றி வாழ்த்தினர். பத்து நாள் கழித்து, செவிலியர் பயிற்சி பெறும் பேத்தி விடுமுறைக்கு வந்தாள். கடிதத்தை இருமுறை படித்தாள்; பின்னர்ப் பாட்டியாரை அடுக்களைக்கு அழைத்துச் சென்றாள். உண்மை தெரிந்தபோது பெரியவர் எவரையும் கடிந்திலர். பகையாய்ப் பிரிந்திருந்த தமையனாரை உடனே சென்று காணவேண்டுமென்றார். "பத்து நாள் போய்விட்டதே" என்றதே அவர் சொன்ன குறை.

மருமகனைக் குறைகூற எமக்கு மனமில்லை. அகராதி கூறியதையே அவரும் கூறினார். மருத்துவர் வழக்கிலே 'புரோகிரெஸ்' என்பது நோயின் நடையைக் குறிக்கும். கட்டி 'ரிகிரெஸ்' ஆயிற்று, அதாவது பின்னடைந்தது, என்பதே அவர்தம் வாயில் நற்செய்தி. நமது சொல்லிலோ ஏற்றம் ஒன்று ஒட்டிக்கொண்டுள்ளது. காய்ச்சல் ஏறும், நஞ்சும் ஏறும். ஆயின் அவை முன்னேறா. 'முன்' என்பதனோடு கூடியவுடன் ஏறுதல் நன்மையாகிவிடுகின்றது. இவ்விடத்திற்குத் தமிழர் வைத்த சொல் முற்றுதல் என்பது. நெல்லும் முற்றும், நோயும் முற்றும். மீள்வதற்குத் தேறுதல் என்னும் வேறொரு சொல் உண்டு. நோயாளி தேறுகின்றார், நோய் முற்றுகின்றது; இவ்விரண்டையும் மாற்றி உணர்வார் எந்த ஊரிலும் இலர். அக்கடிதத்தின் அருகே தமிழில் ஒரு சொல் எழுதியிருப்பின் போதும்.

'புரொசீட்' என்பதனை நீட்டிக் கூற வேண்டுவதில்லை. அது புறப்பட்ட இடத்தையும் அடுத்த முறையையும் நோக்குஞ் சொல். நின்ற இடத்திலிருந்து தொடர்க என்பதே அதன் கட்டளை. வகுப்பில் ஆசிரியர் 'மேலே படி' என்பது இதற்கு நேர். சரக்கு விற்று வந்த பணத்திற்கும் அப்பெயர் உண்டு. யோவான் 15:26இல் பரிசுத்த ஆவியானவரைக் குறித்து ஆங்கிலர் இச்சொல்லை இட்டவிடத்து, நம் பழைய தமிழ்த் திருப்புதல் புறப்படுதல் என்றது. முன்செல்லுதல் என்று பெயர்த்திருப்பின் அங்கே வேறொரு சமயமே பிறந்திருக்கும்!

'ஹெட்வே' மாலுமிகள் தந்த சொல். காற்றும் நீரோட்டமும் எதிர்த்து நிற்கக் கப்பல் முன்னோக்கி ஈட்டும் செலவு அது. காற்றினால் ஒருபுறமாய் ஒதுக்கப்படுவது 'லீவே'. எதிர்ப்பு இல்லாதவிடத்து 'ஹெட்வே' என்பதற்கு இடமில்லை. தேர்வுக்கு முன்னாள் இரவில் மாணவர் ஈட்டுவது பெரும்பாலும் இதுவே.

'மூவ் ஆன்' என்பதோ இவையனைத்தினும் வேறானது. அதில் முன் என்பதே இல்லை, 'இங்கு நில்லாதே' என்பதொன்றே உண்டு. 1852, 1853ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவலில், தெருப் பெருக்கும் ஏழைச் சிறுவன் ஜோவைக் காவலர் ஓயாது துரத்துஞ் சொல் இதுவே. எங்கே செல்வதென அவனுக்கும் தெரியாது, துரத்துவோர்க்கும் தெரியாது. இக்காலத்தில் இதே சொல்லைத் துயருற்றார்க்கு ஆறுதலாகக் கூறுகின்றனர். டிக்கன்ஸைப் படித்த பின்னர் அதனை ஆறுதலாகக் கேட்க எமக்கு இயலவில்லை.

இச்சொற்களெல்லாம் ஓரிடத்தில் வந்து போட்டியிடுவதைக் காண விரும்புவோர் பிலிப்பியர் 1:12இன் ஆங்கிலத் திருப்புதல்களை ஒப்பிட்டு நோக்குக. பவுல் அப்போஸ்தலன் கட்டுண்டிருந்து எழுதுகின்றார். தமக்கு நேர்ந்தவை சுவிசேஷத்திற்குத் தடையாகவில்லை என்கின்றார். தடைக்கு மாறாக நிகழ்ந்தது எது? 1611ஆம் ஆண்டின் திருப்புதல் 'ஃபர்தரன்ஸ்' என்றது. 1881இன் திருத்திய திருப்புதல் 'புரோகிரெஸ்' என்றது. 1946இல் அமெரிக்கர் வெளியிட்ட புதிய ஏற்பாடு 'அட்வான்ஸ்' என்றது. மூலமாகிய கிரேக்கச் சொல் 'புரொகொப்பே'. வெட்டுதல் என்னும் வினையடியாய்ப் பிறந்தது. அதன் வினைவடிவம் நன்மைக்கும் தீமைக்கும் பொது. லூக்கா 2:52இல் இயேசு ஞானத்தில் வளர்ந்ததற்கும் அச்சொல்லே. 2 தீமோத்தேயு 3:13இல் பொல்லாதவர் மேன்மேலுங் கெடுவதற்கும் அச்சொல்லே. ரோமர் 13:12இல் இரவு கழிந்ததற்கும் அதுவே. நம் தமிழ்த் திருப்புதலோ லூக்காவில் விருத்தியடைதல், ரோமரிற் சென்றுபோதல், பிலிப்பியரிற் பிரபலமாதல் என இடந்தோறும் சொல்லை வேறாக்கிக்கொண்டது. ஒரே சொல்லாற் பெயர்த்திலரே என்று குறைகூறுவாரும் உளர். யாம் அவரோடு உடன்படுகின்றிலோம்.

மூன்று ஆங்கிலச் சொற்களுள் எமக்கு உவப்பானது மிகப் பழையதாகிய 'ஃபர்தரன்ஸ்' என்பதே. சங்கிலியில் இருப்பவர் ஓரடியும் வைத்திலர். ஆதலின் அடியிடுதலைக் கூறும் 'புரோகிரெஸ்' அவரிடத்து ஒட்டவில்லை. 'அட்வான்ஸ்' படையெடுப்பை நினைப்பூட்டுகின்றது. அங்கே படையாளாய் இருந்தவன் அவரைக் காத்துநின்ற சேவகனே. 'ஃபர்தர்' என்னும் வினையோ செயப்படுபொருள் குன்றாதது. ஒன்று மற்றொன்றைத் தாங்கி முன்தள்ளுதலைக் கூறுவது. தள்ளியது சிறை, தள்ளப்பட்டது சுவிசேஷம். பிரபலமாதல் என்பதிற் புகழ் பரவுதல் உண்டு. தள்ளிய கை தெரியவில்லை. இதற்குத் தமிழில் என் சொல்லலாம் என்று எம் வகுப்பில் வினா எழுந்தபோது, ஒருவர் வளர்ச்சி என்றார். ஒருவர் பரவுதல் என்றார். யாம் ஆக்கம் என்றோம். ஆக்கத்தில் முன்னும் இல்லை, ஏற்றமும் இல்லை; ஆக்குவது ஒன்று உண்டென்பது மட்டும் உண்டு. கட்டுண்டமை சுவிசேஷத்திற்கு ஆக்கமாயிற்று என்று எழுதிப் பார்த்தோம். விடுதியில் இன்னும் இருவர் பரவுதலின் பக்கமே நிற்கின்றனர்.