வாடகை தின்னாத ஊர்

பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறையைப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் விடுவோம். கடையம், களக்காடு, சாத்தான்குளம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஜான்ஸ், சேவியர்ஸ் என்று பெரிய கல்லூரிகள் இருந்தது மட்டுமல்ல இந்த ஊரின் பலம். கையிலிருக்கிற கொஞ்சப் பணத்தில் இங்கே மாதத்தை ஓட்டிவிடலாம். பிசான அறுப்பு முடிந்ததும் ஊரிலிருந்து பஸ்ஸில் அரிசி மூட்டை வரும், கூடவே ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிமிளகாய். ராத்திரி பதினொரு மணிக்கும் மாடியில் விளக்கு எரியும். நாளைய சோற்றைப் பற்றிக் கவலை இல்லாத பிள்ளைதான் அப்படி உட்கார்ந்து படிக்கும்.

இப்போது நம் பிள்ளைகள் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறார்கள். என் தங்கை பேரனுக்கு மியூனிக்கிலும் இடம் கிடைத்தது, மாக்டேபூர்க்கிலும் கிடைத்தது. வீடே மியூனிக் பக்கம் நின்றது. "அங்க படிச்சா கம்பெனிக்காரன் மதிப்பாம்லா தாத்தா" என்றான் அவன்.

"ஏலே, வாடகைக்கு வேலை பாத்துக்கிட்டே இருந்தா எப்பல படிப்ப?" என்று கேட்டு, கணக்குப் போட உட்கார வைத்தேன். 2024 செப்டம்பர் முதல், மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்கிற முடக்கிய வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். மியூனிக்கில் ஓர் அறைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் படிப்புக் கட்டணமும் வாங்குகிறது. முதுகலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பழைய கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் மாக்டேபூர்க்கில் அறை வாடகை அந்த 992 யூரோவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கும்.

வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். ஆண்டுக்கு 140 முழுநாள் வேலைக்கு அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வருகிற பிள்ளை காலையில் வகுப்பில் என்ன கேட்கும்? அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அதிலும் தவறினால் அந்தப் படிப்பே போயிற்று. நம் ஊர் அரியர் பழக்கத்தை நம்பிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பேரன் மாக்டேபூர்க் போனான். வீடியோ காலில் விடுதிச் சமையலறையைக் காட்டினான். ஓர் அலமாரியில் அவனுடைய இட்லிப்பொடி பாட்டில், பக்கத்திலேயே யாரோ ஒருவருடைய ரொட்டி. குப்பையைப் பிரித்துப் போட நிறம் நிறமாகத் தொட்டிகள். எந்த வாரம் யார் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று குளிர்பெட்டியில் ஒட்டிய சீட்டு. பார்க்கப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

குறையும் உண்டு. அங்கே கடைத்தெருவில் ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. வெளிநாட்டாரைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஜெர்மன் மொழியை பி1 அளவுக்காவது இங்கேயே படித்து முடியுங்கள். அறையை நேரில் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். முதல் ஆறு மாதம் போனை எடுத்ததும் "பார்ட் டைம் வேலை கிடைச்சிட்டா?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பிள்ளை சொல்லட்டும்.